வடக்குச் சுவரின் மூன்றாம் கண்ணாடி

மேடையில் வீற்றிருக்கும் மதிப்பிற்குரிய போதகர் ஐயா அவர்களே, இந்தக் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் சபைக் குழுத் தலைவர் மரக்கடை அண்ணன் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த நம் ஓவர்சியர் அக்காவின் உடன்பிறந்த தங்கையே, எங்கள் சின்னக்காவே, ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் கொத்தனார்களே, தச்சர்களே, சபை மக்களே, சபையைச் சேராவிட்டாலும் அக்கா என்ற ஒரு சொல்லுக்காக வந்து கடைசியில் சுவரோரமாக நின்றுகொண்டிருக்கும் ஊர்க்காரர்களே, உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

நான் பேச்சாளன் இல்லை. மைக் செட்காரன். முப்பத்திரண்டு வருடமாக இந்த ஊரில் யார் பேசினாலும் வயர் இழுத்துக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்பவன். இரங்கல் கூட்டம் என்றால் எனக்கு மனப்பாடம். ஈடுசெய்ய முடியாத இழப்பு என்பார் முதலில் பேசுகிறவர். அவர் மறையவில்லை, நம்மோடுதான் இருக்கிறார் என்பார் அடுத்தவர். மூன்றாவதாக வருபவர் இறந்தவரைப் பற்றி ஆரம்பித்து, மெல்ல நகர்ந்து, தன்னைப் பற்றியே பேசி முடிப்பார். அப்போது நான் யாருக்கும் தெரியாமல் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிடுவேன். இன்றைக்கு அந்த மூன்றாவது ஆள் நான்தான். என்னைப் பற்றியும் பேசத்தான் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள், காரணம் இருக்கிறது.

முதலில் ஒன்று கேட்கிறேன். நாம் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறோம்? இது பள்ளிக்கூடத்து மண்டபம். உங்களுக்குப் பின்னால் கரும்பலகையில் யாரோ போட்ட பின்னக் கணக்கு பாதியில் நிற்கிறது. பெஞ்சுகள் எட்டு வயதுப் பிள்ளைகளுக்காகச் செய்தவை. பெரியவர்கள் முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். சாலைக்கு அந்தப் பக்கம் நம் ஆலயம் பூட்டிக் கிடக்கிறது. நான்கு மாதமாகப் பூட்டு. போன வாரம் அக்காவின் பெட்டியைத் தூக்கி வந்தோமே, எங்கே வைத்தோம்? வாசலில் இரண்டு பெஞ்சைப் போட்டு, அதன்மேல் வைத்து ஜெபித்தோம். அந்தக் கட்டடத்தை அடி அடியாக, அங்குலம் அங்குலமாக அளந்தவர்! அதன் படியைக் கூடத் தாண்டாமல் வெயிலில் கிடந்தார்! நான் பெட்டியின் கால்மாட்டில் நின்றிருந்தேன். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஏன் பூட்டினோம் என்பது உங்களுக்குத் தெரியும். வடக்குச் சுவர் நகரத் தொடங்கிவிட்டது, அதன் கீழே மக்களை உட்கார வைக்காதீர்கள் என்று அக்காவே சபைக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். ஒரே ஒரு பக்கம். அந்தக் கடிதத்தை நம்பித்தான் பூட்டினோம். அதே கடிதத்தை நம்பித்தான் வருகிற ஞாயிற்றுக்கிழமை, ஆலயத்தை இடிப்பதா வேண்டாமா என்று கை தூக்கப் போகிறோம். இடிப்பது என்றுதான் முடிவாகும். வேறு யார் எழுதியிருந்தாலும் நாலு பேர் எதிர்த்துப் பேசியிருப்பார்கள். எழுதியவர் ஓவர்சியர் அக்கா ஆயிற்றே! யார் வாயைத் திறப்பார்கள்?

அந்தக் கடிதத்தைப் பற்றி நான் ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு வருகிறேன். அக்கா எப்படிப்பட்டவர் என்பதை முதலில் சொல்ல விடுங்கள். அது தெரியாமல் மற்றது விளங்காது.

பொதுப்பணித் துறையில் முப்பத்து நான்கு வருடம். பாலம், பள்ளிக்கூடம், மருத்துவமனை வார்டு, கால்வாய் மதகு என்று அவர் கைபட்டது எத்தனை! வேலைக்குச் சேர்ந்த புதிதில் கொத்தனார்கள் அவரைப் பார்த்து வாய்க்குள் சிரித்தார்களாம். இதோ இங்கே உட்கார்ந்திருக்கும் மூத்த கொத்தனார் ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். முதல் வாரமே, தலைக்கு மேல் எழும்பிவிட்ட ஒரு சுவரின் முன்னால் வந்து நின்றாராம். கைப்பையைத் திறந்தாராம். கண்ணாடியும் சீப்பும் எடுக்கப் போகிறார் என்று இவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, எடுத்தது தூக்குக் குண்டு. நூலைத் தொங்கவிட்டார், சுவர் அதோடு நேராக நிற்கிறதா என்று பார்த்தார், ஒரு வார்த்தை கூடக் குரலை உயர்த்தவில்லை. “பிரிச்சிட்டுத் திரும்பக் கட்டுங்க” என்றார், அவ்வளவுதான். அன்றைக்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. அந்தத் தூக்குக் குண்டு கடைசி வரை அந்தப் பையிலேயே இருந்தது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் மணமக்களைப் பார்க்க மாட்டார், மண்டபத்துத் தூணைத்தான் பார்ப்பார். “பொண்ணு எப்படி இருக்கா அக்கா?” என்று கேட்டால், “அந்த உத்தரம் தாங்காது” என்பார்.

அப்படிப்பட்டவர் ஓய்வுபெற்றதும் என்ன செய்வார்? வீட்டில் உட்கார்ந்திருப்பாரா? நம் ஆலயத்தின் வரலாற்றை எழுத ஆரம்பித்தார்.

நமக்கெல்லாம் ஒரே வரலாறுதானே தெரியும்? நுழைவாசலுக்குப் பக்கத்தில் கல்வெட்டு இருக்கிறது. ஒரு மர வியாபாரி, நம் தலைவரின் தாத்தாவுக்குத் தாத்தா, ஒரே வருடத்தில் இந்த ஆலயத்தைக் கட்டி முடித்தார் என்று அதில் வெட்டியிருக்கிறது. ஞாயிறு பள்ளியில் நாமெல்லாம் ஒப்பித்திருக்கிறோம். ஒருநாள் நான் ஏணியில் நின்று விளக்கு மாட்டிக்கொண்டிருந்தேன். அக்கா கீழே வந்து நின்றார். “தம்பி, கை சும்மாத்தானே இருக்கு, இந்த முனையைப் புடி” என்று டேப்பை நீட்டினார். கை எங்கே சும்மா இருந்தது? ஒரு கையில் விளக்கு, ஒரு கையில் திருகாணி. ஆனாலும் இறங்கிப் பிடித்தேன். பத்து நிமிட வேலை என்று நினைத்தேன். பதினொரு வருடம் பிடித்தேன்.

மற்றவர்கள் வரலாற்றைப் பதிவேட்டில் தேடுவார்கள். நம் பழைய பதிவேடுகள் எந்தக் காலத்திலோ கரையானுக்குப் போய்விட்டன. அக்கா சுவரையே படித்தார். பீடத்திலிருந்து பத்தொன்பதாவது அடியில் சுவரின் கனம் திடீரென்று நான்கு அங்குலம் குறைகிறது. நீங்கள் யாராவது பார்த்திருக்கிறீர்களா? அந்த ஆலயத்தில்தான் எனக்கு ஞானஸ்நானம், அங்கேதான் கல்யாணம். நான் பார்க்கவில்லை. அக்கா சுவரைத் தடவிக்கொண்டே கேட்டார்: “ஒரே ஆளு ஒரே மூச்சுல கட்டின செவுரு நடுவுல எளைக்குமா தம்பி?”

பிறகு என் காதுக்கு வேலை வந்தது. அவர் விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போவார், நான் கண்ணை மூடிக்கொண்டு சத்தம் மாறும் இடத்தைச் சொல்ல வேண்டும். ஸ்பீக்கரில் இரைச்சல் கண்டுபிடிக்கிற காது ஆயிற்றே! கல்வெட்டுக்குப் பின்னால் தட்டியபோது சத்தம் மாறியது. இரண்டு வாரம் கழித்து, குழுவின் அனுமதியோடு ஓரத்துக் காரையைக் கொஞ்சம் உரித்துப் பார்த்தால், அங்கே ஒரு பழைய வாசல்! அடைத்துப் பூசிய வாசல்! அதன்மேல்தான் கல்வெட்டைப் பதித்திருக்கிறார்கள். அப்படியானால் கல்வெட்டுக்கு முன்பே அங்கே ஒரு கட்டடம் இருந்திருக்க வேண்டும்.

இப்படித்தான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பீடத்தைச் சுற்றியுள்ள பழைய பகுதி, கல் உடைக்கிற தொழிலாளர்கள் தாங்களே கட்டிக்கொண்ட ஜெப வீடு. அந்தக் கற்களில் உளி விழுந்த விதம் கல்லுக்குக் கல் வேறாக இருக்கிறது, ஆளுக்கொரு கல்லைச் செதுக்கி எடுத்து வந்து வைத்திருக்கிறார்கள். அடுத்த தலைமுறை செங்கல்லால் அதை நீட்டியது. அவசரத்தில், மழைக் காலத்தில், பழைய குட்டையை மூடிய மண்ணின்மேல் வடக்குச் சுவரை எழுப்பிவிட்டார்கள். அது ஈர மண்ணில் அமிழ்ந்து வெளிப்பக்கம் மூன்று அங்குலம் சாய்ந்தது. பயந்துபோய் வெளியே இரண்டு முட்டுச்சுவர் கட்டி நிறுத்தினார்கள். கடைசியில் வந்தவர்தான் மர வியாபாரி. கூரை அவர் கொடுத்தது. சன்னல்கள் அவர் கொடுத்தவை. மீதியெல்லாம் பெயரும் தெரியாத மனிதர்கள் கட்டியது.

இதைக் கேட்டு நம் தலைவர் கொதித்துவிட்டார். அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது, ஊருக்கே தெரிந்த விஷயம்தான். அக்காவின் வீட்டு வாசலில் நின்று சண்டை போட்டார். எங்கள் பரம்பரைப் பெயரைக் கெடுக்கிறீர்கள் என்றார். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு, அவரைக் கையோடு அழைத்துக்கொண்டு ஆலயத்துக்கு வந்தார். வடக்குச் சுவரின் சன்னல் ஒன்றில் தூக்குக் குண்டைத் தொங்கவிட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன். சுவர் சாய்ந்திருக்கிறது, ஆனால் சன்னல் சாயவில்லை! சன்னல் சட்டம் கீழே சுவரோடு சமமாக இருக்கிறது. மேலே போகப் போக சுவரைவிட்டு விலகி, உள்பக்கமாக ஒன்றரை அங்குலம் துருத்திக்கொண்டு நிற்கிறது. அந்த இடைவெளியில் மரத் துண்டை அடித்துச் செருகிப் பூசியிருக்கிறார்கள். அதாவது சுவர் முதலில் சாய்ந்தது. அதன் பிறகு தச்சர்கள் வந்து, சாய்ந்த சுவரில் சன்னலை நேராக நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு சுவர் நகர்ந்திருந்தால் சன்னலும் கூடவே சாய்ந்திருக்கும் அல்லவா?

அக்கா தலைவரிடம் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. “உங்க பாட்டனாரு கோயிலைக் கட்டலை தம்பி. ஆனா இந்தச் செவுரு அன்னியிலேருந்து அசையலைன்னு நமக்குச் சொல்றது அவரு வெச்ச சன்னல்தான். இது சின்ன விஷயமா?” அண்ணன் அந்தச் சன்னல் சட்டத்தை ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த வாரம் புத்தகத்துக்கான காகிதம் முழுவதும் என் பொறுப்பு என்று சொல்லி அனுப்பினார்.

சிறு வயதில் நம் அம்மாக்கள் நம்மை வடக்குப் பக்கம் உட்கார விடமாட்டார்கள், ஞாபகம் இருக்கிறதா? சாய்ந்த சுவர், என்றைக்காவது விழும் என்று எத்தனை தலைமுறையாகப் பயம்! அந்தப் பயத்தைப் போக்கியவர் அக்கா. அதற்கும் வெறும் வாய்ச்சொல் போதாது என்று நினைத்தார். சுவரில் பழைய விரிசல்கள் நான்கு உண்டு. விரல் நீளமுள்ள மெல்லிய கண்ணாடித் துண்டுகளை, ஒவ்வொரு விரிசலுக்கும் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் சிமெண்டால் ஒட்டினார். தேதி எழுதினார். சுவர் ஒரு நூலளவு நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் அவற்றைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவார். ஒன்பது வருடம்! நூற்றுக்கும் மேற்பட்ட சனிக்கிழமைகள்! ஒவ்வொரு முறையும் நான்கு கண்ணாடிக்கும் நேரே ‘முழுசு, முழுசு, முழுசு, முழுசு’ என்றுதான் எழுதினார். அதை வைத்துப் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தை எழுதினார். ‘சுவர் எங்கும் போகவில்லை’ என்று அதற்குத் தலைப்பு வைத்தார்.

கடைசி இரண்டு வருடம் அவருக்குக் கண் மங்கிவிட்டது. பக்கத்தில் இருக்கும் ஆள் முகம் தெரியும், உயரத்தில் இருக்கும் கண்ணாடி தெரியாது. அதனால் நான் இரட்டை ஏணியில் ஏறிப் பார்த்துச் சொல்வேன். அவர் கீழே பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொள்வார். ஒருமுறை கூட என்னிடம், நல்லாப் பார்த்தியா என்று கேட்டதில்லை. உலகத்தில் யார் பேச்சையும் அளந்து பார்க்காமல் ஏற்றுக்கொள்ளாதவர், என் பேச்சை அப்படியே எழுதிக்கொண்டார்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

நான்கு மாதத்துக்கு முன்பு ஒரு புதன்கிழமை. போதகர் ஐயாவின் குரல் பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று புகார். வடக்குப் பக்கம் ஒரு ஸ்பீக்கர் பெட்டி மாட்டப் போனேன். அந்தச் சுவரில் ஏணியைச் சாய்க்கக் கூடாது, தனியாக நிற்கிற இரட்டை ஏணியைத்தான் போட வேண்டும் என்பது அக்காவின் கண்டிப்பு. எனக்குத் தெரியாதா? என் முன்னால்தானே எத்தனை பேரைத் திட்டியிருக்கிறார்! அன்றைக்கு என் இரட்டை ஏணி வேறொரு வேலைக்குப் போயிருந்தது. ஐந்து நிமிட வேலைதானே என்று ஒற்றை ஏணியைச் சுவரில் சாய்த்தேன். ஏறும்போது அதன் கால் ஒரு சாண் வழுக்கியது. மேல்முனை சுவரை உரசிக்கொண்டு இறங்கியது. டிக் என்று ஒரு சத்தம். என் காதுக்கு அது போதும். மூன்றாம் கண்ணாடி நடுவில் நேராக உடைந்திருந்தது. பக்கத்தில் சுண்ணாம்பு ஒரு கை நீளத்துக்குப் பெயர்ந்து தழும்பு விழுந்திருந்தது.

ஆமாம். உடைத்தது நான். சுவர் இல்லை, நான்!

என்ன செய்திருக்க வேண்டும்? நேராக அவர் வீட்டுக்குப் போய், அக்கா தப்புப் பண்ணிட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அரை மணி நேரம் திட்டியிருப்பார், புதுக் கண்ணாடி ஒட்டச் சொல்லியிருப்பார், அத்தோடு முடிந்திருக்கும். அந்த அரை மணி நேரத் திட்டுக்குப் பயந்தேன். ஐம்பத்தெட்டு வயது எனக்கு! மிச்சம் கிடந்த சுண்ணாம்பைக் கரைத்து அந்தத் தழும்பின்மேல் பூசினேன். சனிக்கிழமைக்குள் அதே அளவில் ஒரு கண்ணாடி வெட்டி வாங்கி, பழைய தேதியை எழுதி ஒட்டிவிடலாம் என்று கூட நினைத்தேன். வேலை வந்தது, தள்ளிப் போட்டேன். சனிக்கிழமை வந்துவிட்டது.

அன்றைக்கு அக்கா தனியாக வரவில்லை. புத்தகம் அச்சுக்குப் போயிருந்ததால், கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று போதகர் ஐயாவையும் தலைவரையும் அழைத்து வந்திருந்தார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. நான் ஏணியில் ஏறினேன். ஒன்று முழுசு என்றேன். இரண்டு முழுசு என்றேன்.

“மூணு?”

“ஒடஞ்சிருக்கு அக்கா.”

கீழே பேனா நின்றது. பிறகு கேட்டார்: “செதறியிருக்கா, நேரா ஒடஞ்சிருக்கா?”

“நேராத்தான்.”

“செவுத்துல ஏதாச்சும் இடிபட்ட தழும்பு இருக்கா? நல்லாப் பாத்துச் சொல்லு தம்பி.”

முதல்முறையாக நல்லாப் பார்க்கச் சொன்னார். அந்த ஒரு கேள்வியில் எனக்கு வழிவிட்டு நின்றார், அவருக்கே தெரியாமல். அய்யா, அம்மா, நான் என்ன சொன்னேன் தெரியுமா? கீழே போதகர் நிற்கிறார், தலைவர் நிற்கிறார். என் கண்ணுக்கு முன்னால், நான் பூசிய சுண்ணாம்பு இன்னும் சரியாகக் காயாமல் நிறம் மாறித் தெரிகிறது. “ஒண்ணும் இல்ல அக்கா, செவுரு சுத்தமா இருக்கு” என்று சொன்னேன்.

அவர் எழுதிக்கொண்டார்.

தன் பதினொரு வருட உழைப்புக்கு எதிராக எழுதுகிறோம் என்று அவருக்குத் தெரியும். கடைசி அத்தியாயம் போய்விட்டது என்று தெரியும். வேறொருவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? ஒரு கண்ணாடிதானே, அடுத்த மாதம் பார்ப்போம் என்று புத்தகம் வரும் வரை மூடி வைத்திருப்பார். அக்கா திங்கட்கிழமை காலையில் கடிதத்தோடு குழுவின் முன்னால் நின்றார். இத்தனை காலம் அசையாத சுவர் இப்போது அசைந்திருக்கிறது, நான் சொன்னதை நம்பி யாரும் அதன் கீழே உட்கார வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். அச்சகத்துக்குப் போய்க் கடைசி அத்தியாயத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வெளியூரிலிருந்து ஒரு பொறியாளரை அழைத்தோம். அவர் அரை மணி நேரம் சுற்றிப் பார்த்தார், கடிதத்தைப் படித்தார், இவ்வளவு அனுபவமுள்ள ஓவர்சியரே எழுதிவிட்டாரே என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். எங்கும் அவர் வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு! அந்த மதிப்பை வைத்துத்தான் அவர் கட்டடத்துக்குக் குழி தோண்டினேன் நான்.

இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாட்கள் போயின. போன மாதம் மருத்துவமனைக்குப் போனேன். சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். சின்னக்கா அப்போது மருந்து வாங்கப் போயிருந்தார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “செவுத்தைப் படிக்கத் தெரியும்னு நெனச்சேன் தம்பி. கடைசியில என்னை ஏமாத்திடுச்சு” என்றார். தலையணையைச் சரிசெய்தேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். எழுந்து வந்துவிட்டேன்.

அடக்கம் முடிந்த அன்று சின்னக்கா என்னிடம் ஒன்று சொன்னார். இன்றைக்கு நான் இங்கே நிற்பதற்கு அதுதான் காரணம். கடைசி நாட்களில் அக்கா அந்தக் குறிப்பேட்டை எடுத்து வரச் சொல்லி, முதல் மாதத்திலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் படிக்கச் சொன்னாராம். ஒன்பது வருடத்தையும்! தங்கை படிக்கப் படிக்க, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாராம். ஏன் அக்கா இப்படி உன்னையே வருத்திக்கிறே என்று கேட்டதற்கு, “எந்த மாசம் தப்புப் பண்ணேன்னு பாக்கறேன், நீ படி” என்றாராம். முடித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து படி என்றாராம்.

சின்னக்கா, உங்கள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஆனாலும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அவர் எந்த மாதமும் தப்புப் பண்ணவில்லை. ஒரு பக்கத்திலும் இல்லை, ஒரு வரியிலும் இல்லை. இதை நான் அவரிடம் சொல்லியிருந்தால் அவர் நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பார். அதை அவரிடமிருந்து பறித்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்றும் நான் எதிர்பார்க்கவில்லை. மன்னிக்க வேண்டியவர் போய்விட்டார்.

சபை மக்களே, இனி உங்களுக்குச் சொல்கிறேன். சுவர் பத்திரமாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல நான் யார்? சுவர் நகர்ந்தது என்பதற்கு நம்மிடம் இருந்த ஒரே ஆதாரம் அந்தக் கண்ணாடி. அந்த ஆதாரம் பொய். அதைத்தான் சொல்கிறேன். இன்று காலை குழுவிடம் சாவி வாங்கி உள்ளே போனேன். வடக்குப் பக்கத்துச் சன்னல் ஆறிலும் நூலைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். ஆறும் நேராக நிற்கின்றன. ஆனால் என் வார்த்தையை நம்பாதீர்கள், தயவுசெய்து நம்பாதீர்கள். இங்கே இத்தனை கொத்தனார்கள் இருக்கிறீர்கள், இத்தனை தச்சர்கள் இருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் சாலையைக் கடந்து போய் நீங்களே பாருங்கள். மூன்றாம் கண்ணாடிக்குப் பக்கத்தில் புதுச் சுண்ணாம்பைச் சுரண்டிப் பாருங்கள், ஏணி பட்ட தழும்பு அடியில் இருக்கிறது.

அக்காவின் பணியை நாங்கள் தொடர்வோம் என்று இந்த மாதிரிக் கூட்டங்களில் எல்லோரும் உறுதி சொல்வார்கள். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். நானும் உறுதி சொல்கிறேன், ஆனால் நீங்கள் பின்னால் வந்து சரிபார்க்கக் கூடிய மாதிரி சொல்கிறேன். நான்கு விரிசலிலும் புதுக் கண்ணாடி வைக்க வேண்டும். ஒட்டுவது நானாக இருக்கக் கூடாது, பார்ப்பதும் நானாக இருக்கக் கூடாது. கொத்தனார்கள் மூன்று பேரைச் சபை நியமிக்கட்டும். அந்தப் பொறியாளரைத் திரும்ப அழைத்து, இந்த முறை கடிதத்தைப் படிக்காமல் சுவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் முழுதாகப் போகட்டும். அதுவரை நாம் இந்தப் பிள்ளைகளின் பெஞ்சிலேயே முழங்காலை மடக்கிக்கொண்டு உட்காருவோம். அதற்குப் பிறகு கண்ணாடி என்ன சொல்கிறதோ, அதன்படி கை தூக்குங்கள். அது உடைந்தால், நானே முதல் ஆளாக இடிக்கக் கை தூக்குகிறேன். அக்காவும் அதைத்தான் செய்திருப்பார்.

புத்தகம் வர வேண்டும். கடைசி அத்தியாயத்தை அக்கா கிழித்துப் போடவில்லை, சின்னக்கா பத்திரமாக வைத்திருக்கிறார். அவர் எழுதியது ஒரு எழுத்துக் கூட மாறாமல் அச்சாக வேண்டும். அதன் பின்னால் ஒரு பக்கம் சேர்க்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்பது அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும். நூறு வருடம் கழித்து யாராவது இந்த ஆலயத்தின் வரலாற்றைப் படித்தால், கல் உடைத்தவர்களும் அதில் இருக்கட்டும், மரம் கொடுத்தவரும் இருக்கட்டும், கண்ணாடியை உடைத்து மறைத்தவனும் இருக்கட்டும்.

தலைவர் அவர்களே, அண்ணா, இந்த மேடையில் குழுவின் நடவடிக்கைப் பதிவேடு உங்கள் முன்னால்தான் இருக்கிறது. அக்காவின் கடிதம் அதில் ஒட்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கை தூக்குவதற்கு முன்னால் எல்லோருக்கும் அதைத்தான் படித்துக் காட்டப் போகிறீர்கள். தயவுசெய்து அந்தப் பக்கத்தைத் திறங்கள். நான் இப்போது சொன்னதை அதன் அடியிலேயே எழுதுங்கள். மெதுவாக எழுதுங்கள், வேண்டுமானால் இன்னொரு முறை சொல்கிறேன். இவர்கள் எல்லோரும் பார்க்க, சின்னக்கா பார்க்க, அதில் கையெழுத்துப் போடுவதற்காகத்தான் இன்றைக்கு இந்த மேடை ஏறினேன்.